நான்காம் படிக்கு ஒரு விண்ணப்பம்

டூலூத்தில் ஜனவரி கடைசி.
துறைமுகம் உறைந்து
கப்பல்கள் நின்றுபோய் இரண்டு வாரம்.
என் சமையலறை மேசைமேல் பதினோரு கோப்புகள்.
வெள்ளிக்கிழமைக்குள் மதிப்பெண் போட்டுத் தரவேண்டும்.

எங்கள் மருத்துவமனையில் நர்ஸுகளுக்கென்று
ஓர் ஏணி இருக்கிறது. நான்கு படி.
ஏறினாலும்
நோயாளியின் கட்டிலைவிட்டு நகர வேண்டாம்,
அதுதான் அதைச் செய்தவர்களின் பெருமை.
தனி அறை கிடையாது. மேலாளர் நாற்காலி கிடையாது.
அதே தாழ்வாரம், அதே இரவு,
அதே வீங்கிய கால்.
மணிக்கு ஒன்றே முக்கால் டாலர் கூடும்,
அடையாள அட்டைக்குக் கீழே
ஒரு நீலப் பட்டை தொங்கும்.

ஏறுவதற்குச் சான்றிதழ் வேண்டும்,
புதியவர்களைப் பழக்கிய மணிக்கணக்கு வேண்டும்,
குழுக் கூட்டங்களில் உட்கார்ந்ததற்குக் கையெழுத்து,
பிறகு இரண்டு பக்கக் கட்டுரை:
உங்கள் செயலால் ஒரு நோயாளியின் நிலை
மாறிய தருணத்தை ஆதாரத்துடன் விவரிக்கவும்.

ஒன்பதாவது கோப்பு, கோப்பே இல்லை.
பழைய எக்ஸ்ரே உறை.
ஐடெல்லா பிராண்ட்வோல்ட், நான்காம் மாடி,
இருபத்தோரு வருடம், அத்தனையும் இரவு.

பழக்கிய மணிநேரம் என்ற கட்டத்தில்
'எண்ணவில்லை.'
கூட்டங்கள் என்ற கட்டத்தில்
'பகல் பதினொன்றுக்கு வைக்கிறீர்கள்.
அப்போது நான் தூங்குகிறேன்.'

கட்டுரை, அரைப் பக்கம்:

'பெயர் எழுதக்கூடாது. கப்பலில் சமையல்காரர்.
இரவு மூன்று மணி. எல்லா எண்களும் சரி.
அவர் போர்வையின் ஓரத்தில்
நூல் பிய்த்துக்கொண்டிருந்தார்.
முந்தின இரவு பிய்க்கவில்லை.
டாக்டரை எழுப்பினேன்.
எண்கள் சரியாக இருக்கின்றனவே என்றார்.
மறுபடி எழுப்பினேன்.
திட்டினார், ஆனால் வந்தார்.
நான்கு இருபதுக்கு
எண்கள் என் பக்கம் வந்துசேர்ந்தன.
பிழைத்துக்கொண்டார்.
ஆதாரம்: போர்வை. சலவைக்குப் போய்விட்டது.'

சிரித்துவிட்டேன். பிறகு பென்சிலை எடுத்தேன்.
மேற்கோள் பட்டியல் இல்லை, ஐந்து குறை.
மணிக்கணக்கு இல்லை, பத்து.
கூட்டம், பத்து.
பக்க அளவு, நான்கு.
நூற்றுக்கு எழுபத்தொன்று.
எண்பது வேண்டும்.

ஆறு வருடம் முன்பு நானும் ஏறினேன்.
என் கட்டுரையில் பதினான்கு மேற்கோள்,
வண்ணத்தில் ஒரு வரைபடம்.
தொண்ணூற்றாறு தந்தார்கள்.
அந்த நோயாளி ஆணா பெண்ணா என்று
இப்போது யோசித்துப் பார்க்கிறேன்.
அடுத்த வருடமே கீழ்த்தளத்தில் ஒரு கணினி,
ஒரு செடித்தொட்டி;
ஏணியில் ஐந்தாம் படி இல்லை,
நான் கதவு வழியாக வெளியே போய்விட்டேன்.

வியாழன் இரவு தூக்கம் வரவில்லை.
வெற்று மணிக்கணக்குப் படிவம் ஒன்றை எடுத்துக்கொண்டு
பனியில் கார் ஓட்டி நான்காம் மாடிக்குப் போனேன்.
அவள் கைப்பட நிரப்பினால் பத்து வரும்,
எண்பத்தொன்று ஆகும்,
அவ்வளவுதான் என் திட்டம்.

நானூற்றுப் பதினெட்டில் இருந்தாள்.
குட்டையாய், மூக்குக்கண்ணாடி நெற்றிமேல்.
வாயைத் திறக்குமுன்
விரிப்பின் ஒரு நுனியை என்னிடம் நீட்டினாள்.
'பிடி. முதுகில் புண் இருக்கிறது, பார்த்து.'
கனமான மனிதர்.
ஒன்று, இரண்டு என்றாள்,
மூன்று சொல்லவில்லை,
நாங்கள் இருவரும் அதற்குள் தூக்கிவிட்டிருந்தோம்.
அவர் சுவர்ப் பக்கம் திரும்பி
ஏதோ முனகினார், நன்றி போலத்தான் கேட்டது.
என் தோள்பட்டை
மறந்திருந்த இடத்தில் வலித்தது.

'எதற்கு வந்தாய்?' என்றாள்.
பதில் சொல்வதற்குள்
நானூற்று ஆறில் மணி அடித்தது.
கையை உயர்த்தி, இரு என்று காட்டிவிட்டுப் போனாள்.

வெகுநேரம் இருந்தேன்.
அவருக்கு இரண்டு முறை தண்ணீர் கொடுத்தேன்.
படிவத்தை எங்கே வைத்தேன் என்று
வீட்டுக்கு வந்துதான் தேடினேன்;
அழுக்கு விரிப்போடு சேர்ந்து போயிருக்கும்.

விடிந்தால் வெள்ளி.
எழுபத்தொன்று
இன்னும் பென்சிலில்தான் இருக்கிறது.