தலைப்பு மாறிய தொகை

மெத்தைக்கென்று வந்த முப்பத்தெட்டாயிரத்தைச்
சம்பளமாகக் கொடுத்துவிட்டேன்.
ஐப்பசி. மானியம் வரவில்லை.
சமையல்கட்டுப் பாவாயியின் மகனுக்குப் பள்ளிக்கூடத்தில் கெடு.
இரவுக் காவல் மாதேசன் எதுவும் கேட்கவில்லை,
டீ குடிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார்.
கொடுத்தது தப்பில்லை.
கேட்காமல் கொடுத்தது தப்பு.

சேலம் பெரியாஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில்
நோயாளிகளோடு வந்தவர்கள் தூங்க
ஓர் இடம் வைத்திருக்கிறோம்.
பாதிப்பேர் சேர்வராயன் மலைக்காரர்கள்.
அட்டை விரித்து, செருப்பைத் துணியில் சுற்றித்
தலைக்கு வைத்துக்கொள்வார்கள்.
பத்தொன்பது மெத்தை வந்திருக்க வேண்டிய தரை அது.

“தலைப்ப மாத்திப் போட்டுடலாம்மா” என்றார்
பொருளாளர் குணசீலன்,
உருக்காலையில் கணக்கெழுதி ஓய்ந்தவர், கெட்டவர் இல்லை.
“நல்ல காரியத்துலேர்ந்து
நல்ல காரியத்துக்குத்தானே போச்சு.
மெத்தைய யாரு வந்து எண்ணப் போறாங்க?”

மறுநாள் சுபுஹுத் தொழுகையில் நெற்றி தரையில் பட்டது.
அமானத் என்றொரு வார்த்தை உண்டு எங்களில்:
அடுத்தவர் பொருள் நம் கையில் இருப்பது.
அதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறேன்,
சூரமங்கலத்தில், அம்மாபேட்டையில்,
போர்த்திய சால்வை சரியச் சரிய.
அன்று அது மேடையில் இல்லை.
முசல்லாவுக்கு அடியில், சிமெண்டில்,
சில்லென்று கிடந்தது.

ஏற்காடு பஸ் ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி வளைவு.
வளைவுக்கொரு சமாதானம் கைவசம் இருந்தது.
பதினோராவதில் ஒரு பெண்
ஜன்னல் வழியே வாந்தியெடுத்தாள்.
என் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன்.
அதில் பதினாலாவது வளைவு வரைக்கும்
நல்லவளாக இருந்தேன்.

நாகலூரில் மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை.
சவரியப்பன் வாசலில் காப்பிக்கொட்டை காய்ந்தது,
காய முயன்றது.
நின்றபடியே சொன்னேன். இரண்டு வாக்கியம்.
இருபது சமாதானத்தில் ஒன்றைக்கூடச் சேர்க்கவில்லை.

நெடுநேரம் கொட்டையைத் துழாவினார்.
“எஸ்டேட்ல எடை போட்டவன் நான்” என்றார்.
“முப்பத்தோரு வருசம்.
ஈரம், எலை, சாக்குன்னு
மூட்டைக்கு ஒரு கிலோ கழிக்கச் சொல்லுவாங்க.
நான் ஒண்ணேகால் கழிப்பேன்.
அந்தக் கால், மச்சினிச்சி பேர்ல ஏறும்.
அந்தப் பணந்தான் இது. தருமம் கிருமம்னு நெனச்சிராதீங்க.
பாவசங்கீர்த்தனத்துலகூடச் சொன்னதில்ல.
காப்பி பறிச்ச பொம்பளைங்கதான
உங்க தரையில வந்து படுக்குறாங்க?”

நான் கேட்க வந்தது மன்னிப்பு.
அவரிடம் அது இருப்பில் இல்லை.
அவர் என்னிடம் கேட்டிருந்தாலும்
எடுத்துக் கொடுக்க என்னுடையது இல்லை.
சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடியை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“எப்ப வாங்குவீங்க?”
“மாசிக்குள்ள.”
“மாசின்னா?”
“பங்குனி ஒண்ணாந்தேதி வந்து எண்ணிப் பாருங்க.”
“வருவேன்” என்றார்.
மிரட்டலாகத்தான் சொன்னார்.
இறங்கும்போது, பிரேக் கருகும் வாசனையில்,
ஏனோ அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.
எண்ணிப் பார்க்க ஒருவர் வருவார்.
இத்தனை வருடத்துத் துஆவில்
இதைக் கேட்கத் தோன்றியதில்லை எனக்கு.

குணசீலன் பேரேட்டைத் திறந்தார்.
தலைப்பை மாற்றவில்லை. கடன் என்று எழுதச் சொன்னேன்.
“யாருக்கு?”
சவரியப்பன் என்று தொடங்கி, அடித்துவிட்டு,
தரையில் படுப்பவர்களுக்கு என்றேன்.
முதல் தவணை, என் சம்பளத்தில் நாலாயிரம்.
“ஆடிட்டர் கேப்பாரும்மா.”
“கேக்கட்டும்.”

பையில் ஒரு பொட்டலம் மிச்சமிருந்தது,
பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியே அவர் திணித்தது.
மிளகு. கால் கிலோ என்று சொன்னார்.
அதையும் எழுதச் சொன்னேன்.
“எந்தத் தலைப்புலம்மா?”

தெரியவில்லை.
சமையல்கட்டுத் தராசில் வைத்தேன்.
கால் கிலோவுக்குக் கொஞ்சம்
கூடவே இருந்தது.