நடந்தா வாறிய

ஆரல்வாய்மொழி ஸ்டேஷனில் இறங்கும்போது
மணி ஐந்தே முக்கால்.
எடை குறையட்டும் என்று
டூத்பிரஷ்ஷின் காம்பைப் பாதியாக முறித்திருந்தாள் டெல்பின்.
அதே பையில் ஒரு கிலோ நேந்திரங்காய் சிப்ஸ்,
ஒரு கறுப்புக் குடை.
நான் சிரித்தேன்.
அப்போது வெயில் இல்லை.

பங்குனி. கணவாயில் காற்றும் இல்லை.
ஆடியில் என்றால் சைக்கிளை மிதிக்க மிதிக்க
பின்னால் போகும் இடம் இது.
இன்று காற்றாடிகள் எல்லாம்
ஆளுக்கொரு திசையில் கையை நீட்டி,
சொல்ல வந்தது மறந்துபோய் நின்றன.

ஏழு மணிக்கு முதல் பைக் நின்றது.
‘நடந்தா வாறிய? வண்டி கெடக்கலியா?’
இரண்டாவது, பால் கேனோடு:
‘எந்தக் கோயிலுக்கு நேர்ச்ச?’
மூன்றாவது ஆள் ஒன்றும் கேட்கவில்லை.
எஞ்சினை அணைத்து
பின்சீட்டைக் கையால் துடைத்துவிட்டு
எங்களைப் பார்த்தார்.
அவருக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பத்து மணிக்குமேல் பேச்சு நின்றது.
உடைமரத்தடியில் சல்லடையாய்க் கொஞ்சம் நிழல்,
அதையும் ஆடுகள் பிடித்திருந்தன.
காற்றாடிக்காரர்கள் போட்ட செம்மண் பாதைகள்
ஒவ்வொன்றும் ஒரு கம்பத்தின் காலில் போய் முடியும்,
திரும்பி வரவேண்டும்.
நாக்கு வாய்க்குள் ஒரு துண்டுத் துணி.

மொபைலில் நீலமாக ஒரு குளம்.
அந்த நீலத்தை நம்பி
இரண்டு கிலோமீட்டர் நடந்தோம்.
வெடித்துக் கிடந்த களிமண்ணில்
மூன்று ஸ்டம்புகள் நட்டிருந்தன.
‘அக்கா, பந்து கண்டியளா?’ என்றான் ஒருவன்.
அந்தப் பொடியனிடம் தண்ணீர் கேட்க வெட்கமாக இருந்தது.
கேட்டோம்.
பதினொரு பேர் வாய் வைத்த பாட்டிலில்
அடியில் கொஞ்சம்.
டெல்பின் சிப்ஸை எடுத்து நீட்டினாள்.
ஒரு கிலோவும் அங்கேயே தீர்ந்தது.
பிரஷ்ஷை முறித்திருக்கவே வேண்டாம் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

உச்சியில் நிழல் கம்பத்துக்குள்ளேயே போய்விட்டது.
ஒன்றரைக்கு மறுபடி வெளியே வந்தது,
ஒரு பாய் அகலம்.
வாட்ச்மேன் தபசிலிங்கம் அதில்தான் இருந்தார்.
ஈரச்சாக்கு சுற்றிய கேனிலிருந்து
ஊற்றிக்கொண்டே இருந்தார்,
போதும் என்று நாங்கள் சொல்லவே இல்லை.
நிழல் நகர்ந்தது.
மூன்று பேரும் உட்கார்ந்தபடியே நகர்ந்தோம்.
‘ஒங்களுக்கு நடக்கதுக்குச் சம்பளம் உண்டா?’
‘இல்ல.’
‘எனக்கு உக்காரதுக்கு உண்டு,’ என்றார்.

அஞ்சுகிராமத்துக்கு முன்னால்
டெல்பின் ஷூவைக் கழற்றினாள்.
குதிகாலில் ரூபாய் அகலத்துக்கு ஒரு கொப்புளம்,
உடைந்திருந்தது.
காலையில் நின்ற அதே பால்காரர்
காலிக் கேன்கள் கலகலக்க வந்தார்.
அவள் என்னைப் பார்க்காமல் ஏறினாள்.
ஏறிய பிறகு குடையை நீட்டினாள்.

கோபத்திலேயே ஒரு கிலோமீட்டர் போனது.
அடுத்ததில் கோபம் இல்லை, கால் மட்டும்.
குடைக்குள் எனக்கே எனக்கென்று
ஒரு வட்ட நிழல் கூடவே வந்தது.
பனைகளுக்கு நடுவே எங்கோ
முகத்தில் உப்பாக ஒரு காற்று.
குடை ஒருமுறை மேல்நோக்கி மடங்கிப் பிறகு நிமிர்ந்தது.
கடல் இன்னும் தெரியவில்லை.

வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை.
பெஞ்சில் டெல்பின், காலைத் தூக்கி வைத்து.
அவள் முன் இரண்டு சர்பத்.
ஒன்றில் ஐஸ் கரைந்து முடிந்திருந்தது.
அதை என் பக்கம் தள்ளினாள்.

‘எங்கேந்து வாறிய?’ என்றார் கடைக்காரர்.
‘ஆரல்வாய்மொழி.’
‘நடந்தா? ஏன், பஸ் இல்லியா?’

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்:
‘உண்டு.’