கரையும் நூல்

ஓஸ்த்ராவாவில் நவம்பர் என்றால்
நாலரை மணிக்கே இருட்டு.
எட்டாவது மாடியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருப்பேன்,
அறுபது லிட்டர் வெளிச்சம் போதும்.

அறுவை அரங்கில் செவிலி வேலை.
காலாவதியான தையல் நூல்களைக் குப்பையில் போடச் சொல்வார்கள்.
அவை என் கைப்பையில் வீட்டுக்கு வருகின்றன.
உடம்புக்குள் தானே கரைந்துவிடும் நூல் அது,
தண்ணீரிலும் கரையும், கொஞ்சம் யோசித்துவிட்டு.

பாசியைக் கட்டையில் மெல்லிசாகப் பரப்ப வேண்டும்,
சம்பளத்துக்கு முந்தின நாள்
ரொட்டியில் வெண்ணெய் தடவுகிற மாதிரி.
அப்பியது அடியில் மூச்சுமுட்டி அழுகும்.
முதல் கட்டையின் நாற்றம் எனக்குச் சொன்ன பாடம் இது.
பிறகு சுற்ற வேண்டும், இறுக்க வேண்டும்,
நெரிக்கக் கூடாது.
(வேறு இடங்களில் இதை மறந்திருக்கிறேன்.)

வேர் கிடையாது இதற்கு.
பற்றிக்கொள்ள மட்டும் தெரியும்,
அதற்கும் அவசரமில்லை.
நூல் போவதற்குள் பற்றிக்கொண்டால் சரி.
இல்லையென்றால் ஒரு காலை
வடிகட்டியின் வாயில் பச்சையாக அடைத்திருக்கும்.

ஜனவரியில் கறுப்புத் தாடி முளைத்தது.
பாசியின் மேல் பாசி;
வளர்த்ததன் மேல், வந்தது.
விளக்கை ஆறு மணி நேரமாகக் குறைத்தேன்.
மோட்டாரை நிறுத்தி, நீர் அசைவற்றதும்
ஊசிக்குழாயில் பெராக்சைடு எடுத்து
சொட்டுச் சொட்டாக.
மூன்றாம் நாள் தாடி சிவந்தது, ஐந்தாம் நாள் நரைத்தது,
இறால்கள் வந்து மேய்ந்து முடித்தன.
அறுவை அரங்கில்
இவ்வளவு சுத்தமாக எதுவும் முடிந்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு,
இரவுப் பணி முடிந்து செத்தவள் போலத் தூங்குகிறேன்.
கதவு இடிபடுகிறது.
ஏழாவது மாடி ஷ்கிரோபானெக், டிராம் ஓட்டுநர்.
பத்து வருடமாக மின்தூக்கியில் ஒரு வணக்கம், அவ்வளவே பழக்கம்.
தலையில் என் தண்ணீர் வழிய நிற்கிறார்.

கத்தத்தான் வந்திருந்தார், கொஞ்சம் கத்தவும் செய்தார்.
தொட்டியின் ஓரம் பிளந்து ஒழுகுவதைப் பார்த்ததும்
சட்டைக் கையை மடித்துக்கொண்டார்.
சூப்புப் பானையில் மீன்கள்,
வாளியில் இறால்கள்,
கட்டை மட்டும் எதிலும் கொள்ளாமல் அவர் இரு கைகளில்.
"எதை வைத்து ஒட்டினீர்கள்?"
"ஒட்டவில்லை."
நம்பாமல் ஒரு நுனியை இழுத்துப் பார்த்தார்.
வரவில்லை.

கூரைக்குச் சுண்ணாம்பும் பெயிண்ட்டும்
இரண்டாயிரத்து நானூறு கொரூனா.
பில் நீட்டினார், பணம் வாங்கினார், ரசீதும் எழுதினார்.
போகும்போது காது சிவக்கக் கேட்டார்,
ஒரு பிடி கிடைக்குமா என்று.
காப்பிக் கோப்பையில் கொடுத்தனுப்பினேன்.
கோப்பை இன்னும் வரவில்லை.

ஜூனில் அழைத்தார். போய்ப் பார்த்தேன்.
வடக்கு ஜன்னல், குளிர்ந்த தண்ணீர்,
என்னுடையதைவிட அடர்த்தி, என்னுடையதைவிடப் பச்சை.
வாழ்த்தினேன். வயிறு எரிந்தது.
ஆனால் தூண்டில் நூலால் கட்டியிருந்தார் மனிதர்,
எந்தக் காலத்திலும் கரையாது அது,
புதருக்குள் அங்கங்கே
பல்லில் சிக்கிய நார்போல மின்னிக்கொண்டு.

"வெட்டி எடுங்களேன்" என்றேன்.
"எல்லாம் கழன்றுவிட்டால்?"
பத்தொன்பது டன் இரும்பைப் பனியில் ஓட்டுகிறவர்
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தையல் பிரிப்பது என் வேலைதான்.
கைப்பையில் வளைந்த கத்தரி இருந்தது.
முழங்கைவரை நனைந்து
ஒவ்வொரு முடிச்சாக,
முடிச்சுக்கு அடியில், தோலைத் தொடாமல்.
அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்கவில்லை.

கடைசி நூலை உருவினேன்.
ஒரே ஒரு துணுக்கு
சுழன்றுகொண்டே மேலே வந்தது.
அலமாரியிலிருந்து என் கோப்பையை எடுத்து
அதில் பிடித்தார்.