வாட்டம்

பதினாலாம் மிஷினுக்கு மேலே ஒழுகுகிறது என்று
பேரணாம்பட்டு ஷூ கம்பெனியில் கூப்பிட்டார்கள்.
கூப்பிட்டது மே மாதம்.
ஒழுகியது போன கார்த்திகையில்.
சுவர் காய்ந்து, பேச்சுக் காய்ந்து,
மூன்று கொட்டேஷன் வாங்கி முடிக்க
அத்தனை நாள் ஆகியிருக்கிறது.

முதலில் கீழேதான் போய்ப் பார்த்தேன்.
உள்கூரையில் டீக்கறை நிறத்தில் ஒரு வட்டம்,
ஓரமெல்லாம் உப்புப் பூத்து.
நேர் கீழே சம்பூரணி
இரண்டு தோல் துண்டை ஒன்றாக்கிக்கொண்டிருந்தாள்,
அங்குலத்துக்குப் பத்துத் தையல்.
நிமிராமலே சொன்னாள்:
"சொட்டினது தண்ணி. புடிச்சது என் துட்டு.
பதினோரு ஜோடி கறையாப் பூடுச்சின்னு
அறுநூத்தி இருவது."
ஆறு மாதமாகியும்
ஒரு ரூபாய் தேயாமல் இருந்தது அந்தத் தொகை.

மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு
நானும் சின்னப்பையனும் மாடி ஏறினோம்.
அக்னி நட்சத்திரம்.
ஒன்பதுக்கு மேல் அந்தத் தளம்
செருப்போடு சேர்த்துக் காலைக் கேட்கும்.

பத்தாயிரம் சதுரடி. எங்கும் வாட்டம் இல்லை.
போன மழை உட்கார்ந்து எழுந்துபோன இடமெல்லாம்
வண்டல் வெடித்துச் சில்லு சில்லாய்க் கிடந்தது.
பழைய கட்டடமும் புதுக் கட்டடமும் சேருமிடத்தில்
விரல் நுழையும் கோடு.
அதுதான் என்றார் மேனேஜர் நிசார்.
அது இல்லை.
தண்ணீர் நுழைந்த இடத்தில் சொட்டாது.
கம்பியைப் பிடித்துக்கொண்டு நாற்பதடி போய்
யார் தலையோ பார்த்து இறங்கும்.

கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே போனவன்
"அண்ணே, இங்க வா" என்றான்.
கம்பெனிப் பெயர்ப்பலகையின் கால்.
நாலு போல்ட். ஒன்று காற்றுக்கு ஆடி ஆடி
தன் துளையைத் தானே அகலமாக்கியிருந்தது.
பலகையை எப்போது நட்டீர்கள் என்று கேட்டேன்.
"ஐப்பசியில" என்றவர்
உடனே வெயிலைப் பற்றிப் பேசினார்.

விரிசலைக் கீறி, ஊதி, பேஸ்ட் அடைத்து,
மூலையெல்லாம் கோலா போட்டு,
வலை விரித்து, பிரைமர் காய்ந்ததும்
முதல் கோட் தெற்கு வடக்காக,
மறுநாள் இரண்டாவது கிழக்கு மேற்காக.
ஆறு நாள் வேலை.
கைப்பிடிச் சுவர் மேல் ஓரடி ஏறி
பலகைக் காலையும் சுற்றி மூடினோம்.
கீழே நூற்றிருபது மிஷின் தையலால் பிழைக்கிறது.
மேலே ஒரு தையல் இருந்தால்
என் பிழைப்பு போச்சு.

இரண்டு கோட்டும் இறுகட்டும் என்று விட்டுவைத்து
குழாய் வாயைக் கோணியால் அடைத்து
லாரித் தண்ணீர் மூன்று நடை கொட்டினோம்.
வெள்ளைத் தளத்தில் வானம் படுத்திருந்தது.
இரண்டு நாள் நிற்கட்டும் என்றேன்.
அந்த இரண்டு நாளும் சம்பூரணி
மிஷின் ஓரத்தில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தாள்.
டம்ளர் காய்ந்தே இருந்தது.
"ஃபேன் காத்து இன்னா இன்னிக்கி வேற மாதிரி கீது"
என்றாள், பாராட்டாக இல்லை,
கணக்கில் ஒன்று இடிப்பதுபோல.

பில்லில் ஒரு வரி எழுதியிருந்தேன்:
கசிவுக்குக் காரணம், பெயர்ப்பலகை போல்ட்.
நீல மையில் அதை மட்டும் அடித்துவிட்டு
தொகையைக் குறைக்காமல் பாஸ் செய்தார்கள்.
வாங்கிக்கொண்டேன். சின்னப்பையனுக்குக் கூலி பாக்கி.

கம்பெனிக்குப் பத்து வருட வாரண்டி கொடுத்து
ஸ்டாம்ப் குத்திவிட்டு இறங்கும்போது கேட்டாள்:
"இதுக்கப்பறம் சொட்டுனா யார் கிட்ட புடிப்பாங்க?"
என் கிட்ட, என்று வந்துவிட்டது வாயில்.
தோல் துண்டு ஒன்றை நீட்டினாள்,
குறி போடுகிற சில்வர் பேனாவையும்.
நம்பரை எழுதினேன்.
ஊசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

ஐப்பசி பிறந்து இது மூன்றாவது மழை.
குடியாத்தம் ரோட்டில் முழங்கால் தண்ணீர்.
போன் அடிக்கவில்லை.
அடிக்காத போனை
எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.