உடைபாட்டுப் பதிவேடு

மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் மரத்தில் கத்தி வைக்க முடியாது.
அதனால்தான் அந்த ஜூனில்
என்னோடு கல்லூரி பார்க்க
அப்பாவுக்கு மூன்று நாள் ஒழிந்தது.

குலசேகரம் பேருந்து நிலையம்வரை வந்து
மாமா கடைசியாக ஒருமுறை சொன்னார்:
"நர்சிங்குன்னா நாலு வருசம், அப்பொறம் குவைத்து.
கெமிஸ்ட்ரி படிச்சிட்டு நீ எங்க பிள்ள போவ?"
எனக்கும் தெரியவில்லை.
தெரிந்தது இவ்வளவுதான்:
பாலில் ஊற்றும் ஆசிட் ஒரு மூடி கூடினால் ஷீட் கடுத்துப்போகும்,
குறைந்தால் விடியும்வரை பால் பாலாகவே கிடக்கும்.
அந்த ஒரு மூடியை யார் சொன்னது என்று கேட்டால்
"கைக்கணக்கு" என்பார் அப்பா.
பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில்
கைக்கணக்குக்குப் பாடம் இல்லை.

முதல் கல்லூரி மார்த்தாண்டம் தாண்டி, சாலையோரம்.
கண்ணாடிக் கதவு. குளிர்சாதனப் பேருந்து ஆறு.
விளம்பரத் தாளில் சோதனைக் குழாயோடு சிரித்தவளை
தக்கலையில் ஒரு பல் ஆஸ்பத்திரி பலகையில் பார்த்திருக்கிறேன்.
ஆய்வகத்தில் புட்டிகள்
பள்ளி அசெம்பிளிபோல் வரிசையாக,
பெயர்கள் எல்லாம் முன்பக்கம் பார்த்தபடி,
ஒன்றின் மூடியும் திறக்கப்படாமல்.
"இங்கே எதுவுமே உடையாது" என்றார் காட்டிய ஆள், பெருமையாக.
கட்டண விவரத்தை அப்பா நாலாக மடித்தார்.
பிறகு எட்டாக.

இரண்டாவது அம்மாவின் தேர்வு.
வீட்டிலிருந்து இருபது நிமிடம், சிஸ்டர்மார் நடத்துவது.
மூன்றரைக்கு மணி, நாலுக்கு வீடு.
சிஸ்டர் டெல்பின் மேரி மெல்லச் சொன்னார்:
"வேதியியலுக்கு இதுவரை ஒம்பது பேருதான்.
பதினஞ்சு தெகையலேன்னா இந்த வருசம் நடக்காது.
சுவாலஜி எடுக்கியாம்மா?"
நல்ல சிஸ்டர். தேநீரும் தந்தார்.

மூன்றாவது நாகர்கோவில்.
ஆறேகால் பேருந்து, தக்கலையில் இறங்கி இன்னொன்று.
ஓட்டிலிருந்து ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தார்கள்;
வாளியும் ஒழுகியது.
ஆய்வக மேசைகளை அமிலம் தின்றிருந்தது,
சில இடங்களில் கொஞ்சம், சில இடங்களில் ஆசைதீர.
யாரோ வேலை செய்திருக்கிறார்கள் என்று பட்டது.
உதவியாளர் ஞானசிகாமணி
அப்பாவின் விரல்களைப் பார்த்தார்.
"ரப்பரா? இப்ப என்னா வெலை போவுது?"
அவர்கள் விலையில் இறங்கிவிட்டார்கள்.

சன்னல் பக்கம் ஒரு நீளப் பதிவேடு திறந்து கிடந்தது.
தேதி, பொருள், பெயர், காரணம்.
பிப்பெட் ஒன்று, மெர்லின் ஷைனி, கை நடுங்கியது.
குடுவை இரண்டு, ஆன்றோ ஜெபின், சூடாகத் தண்ணீரில் வைத்தது.
பியூரெட் ஒன்று, ரெஜிலா, காரணம் தெரியாது.
பக்கம் பக்கமாக வாசித்தேன்.
ஒருவன் காரணம் என்ற இடத்தில்
மழை என்று எழுதியிருந்தான்.
அதன்கீழ் பேராசிரியரின் பச்சை மை:
ஏற்றுக்கொள்ளப்பட்டது.

"இது போதும்ப்பா" என்றேன்.
அப்பாவும் எட்டிப் பார்த்தார்.
"உடைச்சா?"
"காசு கெட்டணும், கேட்டியளா" என்றார் ஞானசிகாமணி.
"இதுல பெருசு எது?"
"பியூரெட்டு. நானூறு."
அப்பா கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.
"மூணு ஷீட்டு" என்றார்,
என்னிடமா மழையிடமா, தெரியவில்லை.

பட்டியல் வந்தது.
காத்திருப்போரில் நான் ஏழாவது.
மாமா தினமும் ஏழைக் கேட்டுவிட்டுப் போகிறார்.
சிஸ்டரிடம் இப்போது பதின்மூன்று பேர் சேர்ந்திருக்கிறார்களாம்.

புதன் வெறித்தது. அப்பா வெட்டப் போனார்.
மதியம் ஷெட்டில், கைக்கணக்கை அளந்து பார்க்க
தம்பியின் இருமல் மருந்து மூடியும்
வீட்டிலிருந்த ஒரே நல்ல கண்ணாடித் தம்ளரும் எடுத்துப்போனேன்.
ஈரக்கை. வழுக்கியது.
சிமெண்டுத் தரையில் ஒரு சத்தம்.

அப்பா திரும்பவில்லை.
தட்டில் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
"பேரெழுதி வை."