நாலாவது தொனி

பாடம் பதினொன்று: குளிர்காலம்.
புத்தகத்தில் ஒரு ஜன்னல்,
ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வெள்ளையாய்ப் பனி.
கம்பளிக் குல்லாய் போட்ட பிள்ளை
ஆவி பறக்கும் கிண்ணத்தை ஊதிக்கொண்டிருக்கிறது.

பீடோரில் டிசம்பர் என்றால்
நாலு நாளாய்க் காயாத துண்டு,
நாற்காலி முதுகில் பரஞ்சோதியின் காக்கிச் சட்டை,
அதன்மேல் கரகரவென்று சுற்றும் காத்தாடி.

"குளிர்காலம் எங்கம்மா இருக்கு?"
லோகன் கேட்டான்.
"ஐஸ்பெட்டி மேல்தட்டுல."
போய்த் திறந்து பார்த்தான்.
போன வாரத்து மத்தி மீன்,
ஒரு பொட்டலம் பட்டாணி.
"இவ்வளவுதானா" என்று மூடிவிட்டான்.

தவுக்கே லியோங் சொல்லிவிட்டார்:
கடை பில்லை நானே படித்தால்
மாதம் இருநூறு வெள்ளி கூட.
ஒன்பது வருஷம் ஆணி நிறுத்த கை
இப்போது கோடுகளை நிறுக்கிறது,
எது முதலில், எது நீளம்,
கொக்கி எந்தப் பக்கம் திரும்பும் என்று.

குளிர்காலத்தின் எழுத்துக்கு அடியில்
இரண்டு சொட்டு.
பனிக்கட்டியாம் அது.
எனக்கென்னவோ
குசினித் தகரம் ஒழுகுவது போலத்தான்.
அடியில் ஒரு வாளி வைக்கக் கை பரபரக்கிறது.

எழுத்தாவது பரவாயில்லை.
உச்சரிப்புதான் வாயில் நிற்க மாட்டேன் என்கிறது.
தாங்.
நேராக இழுத்தால் சூப்பு.
மேலே ஏற்றினால் சீனி.
இறக்கி ஏற்றினால் படுத்துக்கொள்.
வெட்டிப் போட்டால் சுடும்.

எப்படிச் சொன்னாலும் கவிஷா உதட்டைப் பிதுக்குகிறாள்,
சீனப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு.
"அம்மா, நீங்க சூப்பைப் படுக்கச் சொல்றீங்க."

வெங்காயம் அரிந்துகொண்டே சொல்லிப் பார்க்கிறேன்,
தாங். தாங். தாங்.
பலகையில் கத்தியும் கூடவே படிக்கிறது.
சுவருக்கு அந்தப்பக்கம் நளாயினி:
"என்னக்கா, யாரைத் தாங்கச் சொல்றீங்க?"

ஏழரை மணி.
ஆட்டெலும்பு சூப்பு தளதளவென்று கொதிக்கிறது.
செம்பனை லோரியை மில்லில் விட்டுவிட்டு
சொட்டச் சொட்ட வந்தான் பரஞ்சோதி.
மிளகு வாசம் பிடித்து நேரே அடுப்படிக்கு.
சட்டியின் ஒரு காது உடைந்து மூன்று மாசம்,
மற்றது திருகாணியில் ஆடுகிறது.
ஆணிக்கடையில் வேலை, வீட்டில் ஒரு திருகாணி இல்லை
என்று அவன்தான் சிரிப்பான்.

இறக்கி வைக்கலாம் என்று நினைத்திருப்பான்.
துணியில்லாமல் கை நீண்டது.
என் தொண்டையிலிருந்து
என்னைக் கேட்காமல் வந்தது:
தாங்!

தமிழன்.
தாங்கினான்.
இரண்டு கையாலும்.

அலறல், சட்டி, தரையெல்லாம் மல்லித்தழை.
குழாய்த் தண்ணீரில் விரல்களைப் பிடித்துக்கொண்டு
"நீதானே தாங்குன்னே?"
"சுடும்னு சொன்னேன்!"
"அதைத் தமிழ்ல சொன்னா என்ன கேடு?"

"அம்மா, அதான்! அதான் நாலாவது!"
கவிஷா கைதட்டினாள்.
யாரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

லோகன்தான் நாற்காலி போட்டு ஏறி
மேல்தட்டிலிருந்து குளிர்காலத்தை இறக்கி வந்தான்.
அப்பாவின் விரல்களைப் பட்டாணிப் பொட்டலத்தில் அமுக்கி
நூறு வரை எண்ணினான்,
அறுபதுகளில் இரண்டு முறை தடுக்கி.

மிச்ச சூப்பு ஆளுக்கு அரைக் கிண்ணம்.
அவனுக்கு நான் ஊட்டினேன்.
ஊதி ஊதி.

பிள்ளைகள் தூங்கிய பிறகு நோட்டை எடுத்தேன்.
இத்தனை நாள் கண்ணில் படாதது இன்றைக்குப் பட்டது:
சுடும் என்ற எழுத்தில்
மேலே சூப்பு, அடியில் நெருப்பு.
எந்தக் காலத்து ஆளோ,
அடுப்படியில் உட்கார்ந்துதான் எழுதியிருக்கிறான்.
பிடிதுணியை மட்டும் மறந்துவிட்டான்.

பத்து முறை எழுதினேன்.
ஆறாவதில் ஒரு எண்ணெய்க் கறை.
வெளியே மழை விட்டும்
தகரம் சொட்டிக்கொண்டிருந்தது, இரண்டிரண்டாய்.

"இன்னும் முடியலையா?"
பாயில் புரண்டான், விரலெல்லாம் பற்பசை.
அவன் பக்கம் திரும்பி
மெதுவாக, கீழே இறக்கி, மேலே ஏற்றி,
மூன்றாவதில் சொன்னேன்.

இரண்டு கையையும்
போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான்.