அங்க அடையாளம்

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
பிணவறைப் பணியாளன் நான்.
ஞாயிற்றுக்கிழமை எல்லாரோடும் எழுந்து நின்று
விசுவாச அறிக்கை சொல்வேன்.
ஓர் இடத்தில் மட்டும் வாய் நின்றுவிடும்.

சரீர உத்தானம்.

பக்கத்தில் செலஸ்தீன் முழங்கையால் இடிப்பாள்.
அவளுக்கு அது மனப்பாடம்.
எனக்கு அது வேலை.

வானத்தையும் பூமியையும் படைத்தவர்: சரி.
தேவனாம்பட்டினம் கரையில் காலை ஐந்தரைக்கு நின்றவன்
அதில் தகராறு செய்யமாட்டான்.
கன்னியிடம் பிறந்தார்:
பிரசவ வார்டு எங்களுக்கு எதிர்க்கட்டடம்.
ராத்திரியில் அங்கிருந்து வரும் முதல் அழுகை எதுவும்
நம்பும்படியாக இருந்ததில்லை எனக்கு.
நம்பாத கணக்கில் இன்னும் ஒன்று.

பிலாத்து. இந்தப் பெயர் ஜெபத்துக்குள் எப்படி நுழைந்தது என்று
சின்ன வயதில் குழம்பியிருக்கிறேன்.
இப்போது தெரியும்,
சாவு என்றால் ஓர் அதிகாரி கையெழுத்து வேண்டும்.
யார் காலத்தில், யார் உத்தரவில் என்று எழுதாவிட்டால்
அது வெறும் வதந்தி.

பாதாளத்தில் இறங்கினார் என்ற வரியில்
என் குரல் கொஞ்சம் உயரும்.
போன பெரிய சனி. கோயிலில் பீடம் வெறுமை, மணி ஊமை.
எனக்கு டியூட்டி.
கரண்ட் போய், ஜெனரேட்டர் பிடிக்காத நாற்பது நிமிடம்
குளிர்பெட்டிக் கதவுகளில் உள்ளங்கை வைத்து
ஒவ்வொன்றாய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அவரும் இப்படி ஓர் அறையில் கிடந்தார்,
யாரோ இரவல் கொடுத்த இடத்தில்,
இந்த இருட்டில்.
அதை நம்புவதற்கு எனக்குப் பிரசங்கம் வேண்டாம்.

ஆனால் உத்தானம்?
கோணி ஊசியில் தடித்த நூல் கோத்து
கழுத்துக்குழியிலிருந்து அடிவயிறு வரை
இழுத்து இழுத்துத் தைக்கிறவனிடம் வந்து
இது எழும் என்கிறீர்கள்.
இதுவா?

கார்த்திகைப் புயல் ஓய்ந்து மூன்றாம் நாள்
தாழங்குடாவில் ஒருவன் ஒதுங்கினான்.
ஏட்டு கலியவரதன் படிவம் நிரப்பினார்.
பெயர்: தெரியவில்லை.
வயது: சுமார் நாற்பது.
முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை.
அங்க அடையாளம் ஒன்று, வலது முன்கையில்
'அஞ்சலை' என்று பச்சை.
இரண்டு, இடது பாதத்தில் சுண்டுவிரல் இல்லை.

பதினொரு நாள் நாலாம் நம்பர் பெட்டியில் இருந்தான்.
பிறகு சிங்காரத்தோப்பிலிருந்து ஒருத்தி வந்தாள்.
வரும்போது நெற்றியில் பொட்டு இருந்தது.
முகத்துத் துணியில் கை வைத்தேன்.
"வேணாம். காலைக் காட்டுங்க."

விரல் இல்லாத இடத்தை விரலால் தொட்டாள்.
"நங்கூரக் கயிறு அறுத்தது.
கல்யாணத்துக்கு முந்துன வருசம்.
அவருதான்."

தாழ்ப்பாள் போட்ட வீட்டுக்குள் வந்து நின்றவரையும்
முகம் பார்த்து யாரும் ஒப்புக்கொள்ளவில்லையே
என்று அன்றைக்கு உறைத்தது.
கையைக் காட்டினார். விலாவைக் காட்டினார்.
கல்லையே புரட்டினவர்களுக்கு
அந்த ஐந்து ஓட்டையை அடைக்க எத்தனை நேரமாகும்?
அடைக்கவில்லை.
தேடி வருகிறவர்களுக்கு ஏதாவது வேண்டும் என்று
அப்படியே விட்டிருக்கிறார்கள்.

இப்போதெல்லாம் தையலை நெருக்கிப் போடுகிறேன்.
"எரிக்கப்போறதுக்கு எதுக்குப்பா இவ்வளவு?"
டாக்டரம்மா கேட்டார்.
நூல் மிச்சம் இருக்குது என்றேன்.
எழுந்தால் இதோடுதானே எழவேண்டும்
என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்ல முடியுமா?

ஞாயிற்றுக்கிழமை அந்த இடத்தில்
வாய் இன்னும் நிற்கிறது.
செலஸ்தீன் இப்போது இடிப்பதில்லை.
அந்த நேரம் என் வலக்கை
தன்பாட்டுக்கு ஒரு முடிச்சுப் போடுவதை
அவள் பார்த்திருக்கிறாள்.